உங்கள் மச்சானின் இடது கை

மாரியம்மன் துணை
ராகலை, 14.3.1957

றொசல்லையில் இருக்கும் அன்பு அண்ணன் பொன்னையா அவர்களுக்குத் தங்கை அம்மாக்கண்ணு கும்பிட்டு எழுதிக்கொள்வது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வெள்ளிதோறும் விளக்கேற்றி வருகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

வலப்பனைப் பக்கம் அம்மை கண்டிருப்பதாகப் பேச்சு வந்ததும், எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் இராயப்பன் ஐயா லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அம்மைப்பால் குத்தினார். அம்மனிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்த பிறகே நான் கையை நீட்டினேன். யார் கை எந்த நாளில் எப்படி இருந்தது என்று கொப்பியில் குறித்தும் வந்தேன். எனக்கு ஐந்தாம் நாள் கொப்புளம், எட்டாம் நாள் சீழ், கூடவே காய்ச்சல். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜோசப்பினுக்கும் அப்படியே. என் வீட்டுக்காரர், உங்கள் மச்சானுக்கு மட்டும் இரண்டாம் நாள் கொஞ்சம் அரிப்பு, நாலாம் நாள் ஒன்றுமே இல்லை. ஐயா இவருக்குத் தண்ணீரைக் குத்திவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு, கொப்பியோடு போய் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"தண்ணி இல்ல அம்மாக்கண்ணு, எல்லாருக்கும் ஒரே மருந்துதான். ஒன் ஒடம்பு இந்த எதிரிய இப்பதான் மொத மொத பாக்குது. அதுக்குன்னு ஆயுதம் செஞ்சு, ஆள் சேத்துச் சண்டைக்குப் போக ஒரு வாரம் ஆகும். ஒம் புருஷன் ஒடம்பு முன்னாடி எப்பவோ குத்துனப்பவே பாத்து வச்சிருக்கு. கண்டதும் வெரட்டிருச்சு."

"அப்ப வருஷா வருஷம் சளி புடிக்குதே, அத மட்டும் ஏங்கையா மறந்துருது?"

"சளி ஒவ்வொரு வாட்டியும் வேற வேஷம் கட்டிக்கிட்டு வருதும்மா. ஒடம்பு பழைய மூஞ்சியத்தான் தேடும்."

ஏற்கனவே பார்த்ததாமே! எங்கே பார்த்தது? பெண் பார்க்க வந்த அன்றே இவர் இடது கையில் இருந்த வட்டத் தழும்பைக் கேட்டேன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டது என்றார். ஒன்பது வருஷமாக நானும் நம்பினேன். நேற்று, "ஏங்க, கத்தி பட்டா அம்மை வராதா?" என்று கேட்டால், மனுஷன் தேத்தண்ணி தீர்ந்துபோன காலிக் கோப்பையைக் குடிக்கிறார்! இந்தியாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு மண்டபம் கேம்பில் குத்துவார்களாமே. ரகசியமாகப் போய்வர அங்கே இவருக்கு என்ன வேலை? திருச்சிப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் அண்ணே, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நீங்கள் பார்த்து முடித்த இடம், நீங்கள்தான் விசாரித்து எழுத வேண்டும். அப்படி ஒருத்தி இருந்தால் பிள்ளை பூரணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவேன். அதுவரை இவருக்குச் சோறு உண்டு, பேச்சு இல்லை.

அம்மன் உங்கள் வாசலில் குளிர்ந்த முகத்தோடு நிற்கட்டும். உங்களைத் தவிர யாரையும் நம்பாத தங்கை,
அம்மாக்கண்ணு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது உங்கள் மச்சான் வாயைத் திறந்துவிட்டார். இந்தியாவும் இல்லை, ஒருத்தியும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உங்கள் தோட்டத்தில் வேலை செய்தபோது அம்மைப்பால் குத்தினார்களாம். ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தவரை முதுகில் சுமந்து போனது நீங்களாம். "பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா எந்தங்கச்சி ஒன்னையக் கட்டமாட்டா, கத்தி பட்டுச்சுன்னு சொல்லிரு" என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்களாம். ஆகவே விசாரிக்க வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன். உங்கள் கையிலும் இருக்கிற அதே தழும்புக்கு அண்ணியிடம் என்ன கதை சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.