அர்த்தமில்லாத டிரெய்லர்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஞானசிகாமணி அவர்களுக்கு, பூனா தேஹு ரோட்டிலிருந்து அத்தான் ஆபிரகாம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், டிரெய்லர் நீங்கலாக. பாளையங்கோட்டையில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் மராத்தி மருமகள் வைஷாலி ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, உம்ம அக்கா கிருபாவதியிடம் தோசை கற்றுக்கொண்டு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற தோசைக்கடை ஒன்று வாங்கியிருப்பது உமக்குத் தெரியும். சனிக்கிழமை வானவடியில் பாஸ்டர் ஜெபம் பண்ணித் திறப்பு. தினமும் இருட்டின பிறகு ஹைவேயில் திரும்பி வரவேண்டும், பின்னாலேயே லாரிகள் வரும், விளக்கு எரியாவிட்டால் பிள்ளை உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். டிப்போவில் காலமெல்லாம் ராணுவ வண்டிகளுக்கு உதிரிபாகம் எடுத்துக் கொடுத்தவனுக்குத் தெரியாத வயரா? முதல் காரியமாக, போல்ட் ஒன்று விடாமல் கழற்றி, அடிச்சட்டம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து மாட்டினேன். துரு கிட்டே வரட்டும் பார்ப்போம்! அப்புறம் விளக்கைப் போட்டால், என்னத்தைச் சொல்ல! பிரேக்கை மிதிச்சா இன்டிகேட்டர் மினுக்குது, இடதுபக்கம் போட்டா ரெண்டு பக்கமும் அழுது வடியுது, எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா மொத்தமும் செத்துப் போகுது. பல்பை மாத்தினேன், ஃபியூஸை மாத்தினேன், ஜீப்பிலிருந்து வர்ற பிளக்கைப் பிரிச்சு மாட்டினேன், வயரெல்லாம் புதுசா இழுத்தேன்.

வெற்றி கைக்கெட்டுகிற நேரத்தில் வைஷாலி டெஸ்டரோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பப்பா, ஹ்யாலா அர்த் நாஹி" என்றாள். கேட்டீரா? இதுக்கு அர்த்தம் இல்லையாம்! வேர்வை சிந்தி நான் செஞ்ச வேலைக்கு அர்த்தம் இல்லையாம்! மாமனார்கிட்ட பேசுற பேச்சா வே, இது? உம்ம அக்காவிடம் முறையிட்டால், "அவ என்ன சொல்லுதான்னு ஒரு வார்த்த கேட்டியளா?" என்று என் மேலேயே பாய்கிறாள். நான் எதுக்குக் கேக்கணும்? இனி அந்தப் பெண்ணோடு பேச்சு கிடையாது, திறப்புக்கும் போகமாட்டேன். தட்கலில் டிக்கெட் போட்டு உம்ம வீட்டுக்கே வந்துவிடுகிறேன். மாடி அறையைக் கழுவி வையும்.

உம்ம பிள்ளைகள் மேல் ஆண்டவர் கை எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்தாலும் சளைக்காத அத்தான்
ஆபிரகாம்

பின்குறிப்பு: மாடி அறையைக் கழுவ வேண்டாம். கவரை ஒட்டும்போது வாசலில் பளிச்சென்று சிவப்பு வெளிச்சம். எட்டிப் பார்த்தால், வைஷாலி போல்ட்டுக்கு அடியில் என் பெயின்டைத் தோசைத் திருப்பியால் சுரண்டி, எர்த் வயரை வெறும் இரும்போடு சேர்த்து முடுக்கியிருக்கிறாள். எல்லா விளக்கும் அதது வேலையை ஒழுங்காகப் பார்க்கிறது. இங்கே எர்த்தை 'அர்த்' என்றுதான் சொல்வார்களாம்! இத்தனை வருஷம் பூனாவில் குப்பை கொட்டினவனுக்கு இது தெரியவில்லை. "ஆதா அர்த் ஆலா, பப்பா" என்று சிரிக்கிறாள். இப்போது வந்துவிட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். ஆனாலும் மின்சாரமே உள்ளே நுழைய முடியாதபடி பெயின்ட் அடித்தவன் நான், அதை மறந்துவிடாதேயும். சனிக்கிழமை முதல் தோசை எனக்குத்தானாம். அந்தத் திருப்பியைக் கழுவினாயா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.