மே மாதத்து மோர்க்குழம்பு

இந்தச் சனி ஞாயிறுக்குள் மனைவியை அசரவைத்தே தீருவது என்று பத்ரிநாராயணன் முடிவு செய்தார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் ஜெயபாரதி அவரைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் அசந்திருக்கிறாள். அதுவும் கல்யாணப் பந்தியில் அவர் சாப்பிட்ட ஜாங்கிரிகளை எண்ணிவிட்டு.

வீட்டுக்கு வெளியே அவர் லேசுப்பட்டவர் இல்லை. கடல் கடந்த ஒரு தீவில், சேன் பியேர் என்ற ஊரில், டி-ஷர்ட் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு ஃபாக்டரியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். தொண்ணூற்றெட்டில் அது பெரிய உத்தியோகம். சர்வரில் 'பாலிஸி' என்று ஒரு பகுதி உண்டு. தம் அறையில் உட்கார்ந்தபடி அதில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், மறுநாள் காலை யார் லாக்-இன் பண்ணினாலும் சட்டம் அவர்கள் தலையில் இறங்கிவிடும். ஒரு டிக்கில் சீட்டாட்டம் ஒழிந்தது. இன்னொரு டிக்கில் திரையிலிருந்த குழந்தைப் படங்களெல்லாம் போய்க் கம்பெனிச் சின்னம் வந்தது. மூலையில் இருக்கும் கடிகாரத்தைக்கூட யாரும் தொட முடியாது.

இதனால் ஒரு லாபம். எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். சாயங்காலமானால் காத்ர் போர்னில் அவர்கள் குடியிருந்த வீட்டில் போன் அடிக்கும். "லாக்-ஆஃப் பண்ணு! மறுபடி லாக்-இன் பண்ணு!" என்று அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி முழங்குவார்.

"நாலு டிக் போடறதுக்கா இத்தனை சத்தம்?" என்பாள் ஜெயபாரதி, தாளித்துக்கொண்டே.

ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டவரையே பிடித்துக்கொண்டது. மாதா மாதம் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், பழையது செல்லாது. அவருக்கு ஞாபகசக்தி கிடையாது. மூன்றாம் மாதமே முழித்தார். ஜெயபாரதிதான் வழி சொன்னாள்: மாதத்தின் முதல் வேலை நாளன்று வீட்டில் என்ன குழம்போ, அதுதான் அந்த மாதத்துப் பாஸ்வேர்டு. மறந்துபோனால் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள்வார். அந்த மே மாதம் மோர்க்குழம்பு.

தீவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியும் ஜெயபாரதி கடலில் இறங்கியதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 'ஃபாக்டரியில் அவசரம்' என்று பயணம் நின்றுவிடும். அந்தத் தீவில் மே மாதம் குளிர்காலம். இந்த முறை அந்தக் குளிர்காலச் சலுகையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை ஹோட்டலில் அவரே அறை போட்டார். போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, சர்வரில் ஒரு டிக்கும் போட்டார். மறுநாள் யார் திரையிலும் பிரின்டர் கண்ணில் படக் கூடாது.

சனிக்கிழமை மதியத்துக்குள் கன்டெய்னர் துறைமுகம் போக வேண்டும். ஏற்றுமதிக் காகிதம் அச்சாகாமல் அது நகராது. ஹோட்டல் நம்பரை ஆபீஸ் செக்ரட்டரி ரோஸ்-மேயிடம் தாமே கொடுத்திருந்தார். ஊரே கூடும் ரிசப்ஷனில் போன் அடிக்கும், ஃபாக்டரி கதறும், ஜெயபாரதி பக்கத்தில் நிற்க, அவர் இரண்டே வார்த்தையில் கன்டெய்னரைக் கப்பலேற்றிவிடுவார். எல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, ஷூ மாட்டிக்கொண்டு ரிசப்ஷன் சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"ஏன்னா, கடலுக்கு வரலையா?"

"நீ போ. எனக்குப் போன் வரும்."

"லீவுலயா?"

"நான் இல்லாட்டி அங்கே ஒண்ணும் அசையாது, ஜெயா."

அவள் போனாள். அரைமணியில் ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள். "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. முழங்கால் ஆழந்தான். வாங்கோளேன்."

"இப்போ வந்துடும்."

மூன்றாம் முறை உள்ளே வரவில்லை. மணலில் நின்றபடியே கையசைத்துக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் போனைச் சுட்டிக் காட்டினார். அவள் கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தக் கை இறங்கியதை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் வருத்தப்பட்டார்.

பன்னிரண்டடிக்கும்போது போன் அடித்தது. ரிசப்ஷனிலிருந்த மார்லென் எடுத்தாள். "ஆமாம்... ஃபாக்டரியா? இருங்கள்."

பத்ரிநாராயணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"உங்களுக்கில்லை, மிஸ்யே. மதாமுக்கு, உங்கள் மனைவிக்கு," என்றாள் மார்லென். கடற்கரைக்கு ஆள் ஓடினான்.

ஜெயபாரதி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். காத்ர் போர்ன் சந்தையில் கீரைக்காரிகளிடம் கற்ற தீவு மொழியான கிரெயோலில் வெளுத்து வாங்கினாள். "பா த்ராக்கா, ரோஸ்-மே," கவலைப்படாதே என்றாள். என்னமோ கேட்டுச் சிரித்தாள். போனை வைத்தாள்.

"கன்டெய்னர் கிளம்பிடுத்தாம்."

"எப்படி?"

"காலம்பற நீங்க குளிக்கறச்சே ரூமுக்குப் போன் வந்தது. பிரின்டரைக் காணோம்னு அழுதா. உங்க ஆபீஸ் ரூமுக்குப் போய் மோர்க்குழம்புன்னு அடின்னேன். கடைசியா விழுந்த டிக்கை எடு, எல்லாரும் லாக்-ஆஃப் பண்ணி மறுபடி லாக்-இன் பண்ணுங்கோன்னேன். அஞ்சு வருஷமா அடுக்களையிலேர்ந்து கேட்டுண்டிருக்கேனே!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"அவரை லீவுல தொந்தரவு பண்ணாதே, எதுவானாலும் இனிமே என்னைக் கேளுன்னுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த டிக் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்ததாம். யார் போட்டான்னு அவளுக்குத் தெரியலை. நானும் சொல்லலை."

 அவள் கோபித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். சாயங்காலம் மனசைத் தேற்றிக்கொண்டு புது அரைக்கால் சட்டையோடு கடலுக்குப் போனார். காற்று கிளம்பியிருந்தது. கடலில் இறங்கக் கூடாது என்று கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். மறுநாளும் கொடி இறங்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் அவள் தலைமுடியிலிருந்து உப்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. அவருடைய ஷூவில் ஒரு மணல்கூட இல்லை. ஏழு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு காலைப்பொழுதை ஒரு சோபாவுக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

திங்கட்கிழமை ஜூன் முதல் தேதி. முதல் வேலையாக ரோஸ்-மே வாயில் புழங்கும் மோர்க்குழம்பை ஒழித்துவிட வேண்டும் என்று விறுவிறுவென்று தம் அறைக்குப் போனார். மேஜையில் உட்கார்ந்ததும் திரை புதுப் பாஸ்வேர்டு கேட்டது. சொந்தமாக ஒன்று யோசித்துப் பார்த்தார். எதை வைத்தாலும் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார் என்று அவருக்கே தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஜெயா, இன்னிக்கு என்ன குழம்பு?"

"ரோஸ்-மேகிட்ட சொல்லிட்டேனே. அவளைக் கேட்டுக்கோங்கோ."