கயிறு அவர் கழுத்தில், நாய் என் காலடியில்

எனக்கு நாய் என்றால் பயம். இதைச் சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சின்ன வயசுல கடிச்சிருச்சா?" இல்லை. எந்த நாயும் என்னைக் கடித்ததில்லை, துரத்தியதுகூட இல்லை. "அப்புறம் என்ன பயம்?" என்பார்கள், ஏதோ நான் கிளினிக் சீட்டைக் காட்டாமல் மருத்துவ விடுப்பு கேட்டுவிட்டதுபோல. என் கணவர் குணாவுக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். ஆறடி மனிதர், சமையலறையில் ஒன்று பறந்தால் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். அவரிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. கரப்பான்பூச்சியைக் கையோடு அழைத்துவந்து, "பயப்படாதீங்க, ரொம்ப நல்ல பையன், சும்மா மோந்து பாக்குறான்" என்று அவர்மேல் யாரும் விட்டதுமில்லை. இந்த உபசாரமெல்லாம் எனக்கு மட்டும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் குணாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் என்னவோ ஒன்று நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போக, டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். வார்டு வாசலில் நின்று எங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இந்த மனிதர் எழுந்து வீட்டுக்கு வந்தால் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுக்கிறேன், ஒரு சொட்டுச் சிந்தாமல் மலையேற்றிச் சேர்க்கிறேன் என்று. (ஒரு சொட்டுச் சிந்தாமல் என்று முருகன் கேட்கவே இல்லை. நானாகத்தான் பதற்றத்தில் வாயை விட்டேன்.) குணா எழுந்தார், வீட்டுக்கு வந்தார், வந்ததும் ரசத்தில் உப்பு இல்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பால்குடம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க் வேலை எனக்கு. நாள் முழுக்க ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருக்கும் கால்கள் தார்ச்சாலையைத் தாங்குமா? அதனால் விரதம் தொடங்கியதும் காலையில் ஜெலுத்தோங் கடற்கரைப் பாதையில் வெறுங்காலோடு நடந்து பழக ஆரம்பித்தேன். அங்கேதான் பிரின்ஸ் வந்து சேர்ந்தான்.

பிரின்ஸ் தங்க நிறத்தில், கன்றுக்குட்டி உயரத்தில் இருப்பான். அவனை அழைத்து வருகிறவர் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தமிழர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். நாய்க்குக் கயிறு இருந்தது, நல்ல தடித்த கயிறு. ஆனால் அதை அங்கிள் தம் கழுத்தில் துண்டுபோல மாலையாகப் போட்டுக்கொண்டு வருவார். கயிறு அவர் கழுத்தில், நாய் என் காலடியில்.

"அங்கிள், கொஞ்சம் கயித்துல கட்டிப் பிடிச்சிக்குங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதம்மா. அவன் ஒண்ணும் செய்யமாட்டான்லா."

"அது உங்களுக்குத் தெரியும் அங்கிள். எனக்குத் தெரியாதே."

"அவனுக்கும் தெரியும்மா" என்றார் அங்கிள், பிரச்சினை தீர்ந்தது என்பதுபோல.

மறுநாளும் கேட்டேன். கயிறு போட்டால் பிரின்ஸின் மனசு உடைந்துவிடுமாம், ரெண்டு வேளை சாப்பிட மாட்டானாம். என் மனசைப் பற்றியோ என் சாப்பாட்டைப் பற்றியோ விசாரணை இல்லை. அதற்குப் பதிலாக எனக்கு வகுப்பு நடந்தது. ஓடக்கூடாது, ஓடினால் விளையாடக் கூப்பிடுகிறேன் என்று அவன் நினைத்துக்கொள்வான். கையைத் தூக்கக்கூடாது. கண்ணைப் பார்க்கக்கூடாது. கத்தவே கூடாது. வரி கட்டுகிற மனுஷி பொதுப் பாதையில் எப்படி நடக்கவேண்டும் என்பதை ஒரு நாயின் வசதிக்கு ஏற்ப மனப்பாடம் செய்யவேண்டும். நாய்க்கு மட்டும் பாடம் கிடையாது. அந்தப் பாதையில் தினமும் நடக்கும் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மத முறைப்படி அவர் மண்ணும் தண்ணீருமாகத் திரும்பத் திரும்பக் கழுவித் தம்மைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பிரின்ஸ் அவரை நோக்கி ஓடியதற்குப் பிறகு அந்த நேரத்தில் வருவதையே நிறுத்திக்கொண்டார். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இதில் எனக்கு இன்றும் வயிறு எரிவது எதற்கு என்றால், ஒவ்வொரு முறையும் நான் பேச்சை முடித்த விதத்துக்கு. "சரி அங்கிள், தேங்க்ஸ்" என்பேன். எதற்குத் தேங்க்ஸ்? கடிக்காமல் விட்டதற்கா? அப்போது நான் அவ்வளவு மரியாதையான அசடு.

வீட்டில் வந்து குணாவிடம் கொட்டினேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நாயப் பாத்தா சிரிச்சிக்கிட்டே போயிரு மாலா" என்றார். இவருக்காகத்தான் பால்குடம்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து சரோஜா அக்கா வந்து இறங்கினார். குணாவின் அக்கா, எனக்கு நாத்தனார். வேண்டுதல் விஷயத்தில் எங்கள் குடும்பத்தின் தலைமை அதிகாரி. கைப்பையில் எலுமிச்சம்பழம், விபூதி, ஊக்கு, கத்தரிக்கோல் என்று எல்லாம் தயாராக இருந்தன. குடத்தின் வாயை மஞ்சள் துணியால் அவர் கட்டிய கட்டை அவிழ்க்கத் தனியாக ஆள் வேண்டும். "சொட்டுக்கூட சிந்தாதும்மா. நீ கைய மட்டும் விட்றாத" என்றார்.

கையை விடவில்லை. தண்ணீர்மலைப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக, மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, வாயில் முருகன் பெயரோடு நடந்தேன். பக்கத்தில் சரோஜா அக்கா, பின்னால் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு குணா. இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் காதைப் பிளக்கும் மேளம். கால் சுட்டது, கழுத்து வலித்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. என் புருஷன் உயிரோடு பின்னால் வருகிறார், பால் பத்திரமாக இருக்கிறது, மலை தெரிகிறது. வேறென்ன வேண்டும்?

அப்போது ஒரு பந்தலில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அங்கிள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கயிறு வழக்கம்போல அவர் கழுத்தில் இருந்தது.

பாதையெல்லாம் மற்றவர்களின் குடங்களிலிருந்து சொட்டிய பாலைக் காலையிலிருந்து நக்கி நக்கி ருசி கண்ட பிரின்ஸ், என்னைப் பார்த்ததும் தெரிந்தவள் என்ற உரிமையோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், பிரின்ஸைப் பிடிங்க" என்றேன். மேளத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் அகப்பையை ஆட்டி, "ஒண்ணும் செய்யமாட்டான்மா, நீ போ" என்றார். எங்கே போவது? முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம், தலையில் குடம். ஓடக்கூடாது, கையைத் தூக்கக்கூடாது என்ற பாடமெல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு கையும் ஏற்கெனவே தலைக்குமேல்தான் இருந்தன. பிரின்ஸ் என் பாதத்தை நக்கினான். பிறகு இரண்டு காலில் எழுந்து நின்று, முன்னங்கால்களை என் இடுப்பில் வைத்தான்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. குடத்தை இறுகப் பிடித்தபடி குதித்தேன், சுழன்றேன், ஒற்றைக்காலில் நின்றேன், மறுபடி குதித்தேன். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. குதித்ததெல்லாம் அந்தப் பந்தலின் மேளத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது என்று குணா பிற்பாடு சொன்னார்.

"அருள் வந்திருச்சு, வழி விடுங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வழி விடுவார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். சுற்றி வளைத்து நின்றுகொண்டார்கள். வேல் வேல் என்ற கோஷத்தோடு வட்டம் கட்டி, எனக்கு ஓட இருந்த ஒரே இடைவெளியையும் பக்தியோடு அடைத்தார்கள். வட்டத்துக்குள் நானும் பிரின்ஸும். ஒருவர் நாயைப் பிடித்து இழுக்க வந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, "விடுங்கண்ணே, பைரவர் வாகனம். அம்மாவப் பாக்க வந்திருக்கு" என்றார். (அம்மாவுக்கு அதைப் பார்க்க விருப்பமா என்று கேட்க அங்கே ஒருவர்கூட இல்லை.)

அப்போதுதான் கத்தினேன். "கட்டு. கட்டுடா அவன."

என் வாழ்நாளில் பெரியவர் ஒருவரை நான் 'டா' போட்டதில்லை. கூட்டம் அடங்கியது. மேளம்கூட நின்றது. அங்கிளின் கையிலிருந்த அகப்பை மோர்ப் பானைக்குள் விழுந்தது. கழுத்திலிருந்த கயிற்றை உருவி, பிரின்ஸைக் கட்டி, பந்தல் காலில் இன்னொரு முடிச்சும் போட்டார். மனசு உடையவில்லை. பிரின்ஸ் சாவகாசமாகப் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டான்.

அங்கிள் என் முன்னால் வந்து கைகூப்பினார். "தப்புதான் தாயே. வேற ஏதாச்சும் கொறை இருக்கா?"

எனக்கு அருளும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மூச்சு வரவில்லை. மூச்சு திரும்பி வந்தபோது கூடவே கோபமும் வந்துவிட்டது.

"தினமும் கட்டணும்" என்றேன். "கடற்கரையிலயும் கட்டணும்."

"உத்தரவு தாயே" என்றார்.

முருகனுக்கு எடுத்த குடத்தில் தாய் எப்படி வந்தார் என்றோ, வந்தவருக்கு ஜெலுத்தோங் கடற்கரையின் நடைமுறை எப்படித் தெரிந்தது என்றோ யாரும் விசாரிக்கவில்லை. ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தம் மகனுக்கு வேலை எப்போது நிரந்தரமாகும் என்று கேட்டார். நல்ல வேளை, சரோஜா அக்கா எலுமிச்சம்பழத்தை வெட்டி, ஒரு பிடி விபூதியை என் முகத்தில் அடித்து, "சாமி மலையேறப் போவுது, தள்ளுங்க" என்று என்னைக் கிளப்பிவிட்டார். அதன்பிறகு எனக்குக் கிடைத்த வழியைப்போல அந்தப் பாதையில் யாருக்கும் கிடைத்திருக்காது.

படியேறும்போது உண்மையைச் சொன்னேன். "அக்கா, எனக்கு அருளெல்லாம் வரல. நாய் மேல ஏறிருச்சு. பயத்துல கத்துனேன்."

"வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்காதும்மா."

"எல்லாம் ஞாபகம் இருக்கு அக்கா. நான்தான் கத்துனேன்."

"அப்படித்தான் தோணும்" என்றார் அக்கா, கண்ணில் நீரோடு. "மொத தடவ எல்லாரும் இப்படித்தான் மறுப்பாங்க." ஒரு மனுஷியின் பயத்தை நம்புவதைவிட அவள் மேல் தெய்வம் இறங்கியது என்று நம்புவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மேலே போய் மஞ்சள் துணியை அவிழ்த்தோம். உண்மையிலேயே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தப் பால் வேல்மேல் வழிந்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். குணாவும் அழுதார். அது நன்றி. ஆனால் இறங்கி வரும்போது கோபம் மறுபடி பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் அங்கிள், ப்ளீஸ் என்று கெஞ்சியபோது அவர் கழுத்தைவிட்டு இறங்காத கயிறு அது. "பயமா? இரும்மா, பிடிச்சிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வைக்க நான் சாமியாகவேண்டி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு குணாவையும் இழுத்துக்கொண்டு போனேன். பிரின்ஸ் கட்டோடு வந்தான். அங்கிள் என்னைக் கண்டதும் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். எனக்குக் கூசிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு இளம்பெண், கைத்தொலைபேசியில் பேசியபடி, வெள்ளை நிறத்தில் குட்டை நாயொன்று அவிழ்ந்து முன்னால் ஓடி வர, வந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் கட்டிக்கிறீங்களா? எனக்குப் பயம்" என்றேன்.

"அது ஒண்ணும் செய்யாது ஆண்ட்டி. ஃப்ரெண்ட்லி" என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

அங்கிள் புல்லிலிருந்து பாய்ந்து வந்தார். "கட்டிரும்மா. கட்டிரு. அவங்க சாதாரண ஆள் இல்ல."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "நான் சாதாரண ஆள்தான் அங்கிள்" என்றேன். "சாதாரண ஆளுங்க நடக்குற பாதைதானே இது? அதான் கட்டச் சொல்றேன்." அன்று நான் தேங்க்ஸ் சொல்லவில்லை.

அந்தப் பெண் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் பேச்சுக்காகவா, அங்கிளின் பேச்சுக்காகவா என்று எனக்கும் குணாவுக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

தீராத வழக்கை குணா வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னால், சோபாவில் படுத்தபடியே கேட்பார்: "இது நீ கேக்குறியா, சாமி கேக்குதா?" பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து போன் செய்யும் சரோஜா அக்காவும் முதலில், "பேசுறது நீயா, சாமியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் குப்பை அந்த நிமிஷமே கீழே போய்விடும். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும், "நான்தான் கேக்குறேன்" என்றே சொல்கிறேன். "அப்ப அஞ்சு நிமிஷம் லா" என்கிறார் குணா. நானும் குப்பைப் பையோடு அவர் தலைமாட்டில் நிற்கிறேன், அவர் எழுந்திருக்கும்வரை.