கூடாரத்துக்குள் நான் எழுந்து நின்றது குறித்து

ஆட்-பாஷி

மதிப்பிற்குரிய சம்பந்தி துருஸ்பெக் அவர்களுக்கு,

தங்கள் மந்தையின் கால்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கும், எங்கள் மகளாக இருந்து உங்கள் மகளாகிவிட்ட ஜில்டிஸுக்கும் என் வணக்கம். தொலைபேசியில் இதைச் சொல்ல முயன்றேன். என் குரலைக் கேட்டதும் சம்பந்தியம்மா "பிஸ்மில்லா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு யாரும் எடுப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். நான் எழுதினால் நீண்டுவிடும் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நான் இறக்கவில்லை.
2. என் முற்றத்தில் துக்கக் கூடாரம் எழுந்தது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல.
3. நீங்கள் அழுததை யாரும் படம் பிடிக்கவில்லை.
4. உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வராவிட்டால் எங்கள் சங்கம் கலைந்துவிடும்.

முதலாவதற்கு இந்தக் கையெழுத்தே சாட்சி.

இரண்டாவதுதான் சிக்கல். எங்கள் பள்ளத்தாக்கில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து திரைப்படக்காரர் சங்கம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் கல்யாண வீடுகளில் ஒருவர் வயரை மற்றவர் பிடுங்கிவிட்டவர்கள் இவர்கள். தலைநகரத்தார் வந்து நம் மலையைப் படமெடுத்துப் போவார்கள், நம் ஆட்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது போதும் என்று சைக்கால் என்ற பெண் இவர்களை ஒன்று சேர்த்தாள். ஒருவர் படத்தில் மற்ற எல்லா உறுப்பினரும் வேலை செய்தாக வேண்டும் என்பது சங்க விதி. ஓய்வுபெற்ற ஆசிரியன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளராக்கினார்கள். எனக்குத் தகுதி உண்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் படம் சைக்காலுடையது. மாஸ்கோவில் கூலி வேலை செய்யும் மகன் தகப்பனுடைய சாவுக்குப் பிந்தி வருகிறான். அந்தத் தகப்பனாகப் படுக்க ஆள் வேண்டும். "நடிக்கத் தெரிஞ்சவங்க சரிப்பட மாட்டாங்க, வாத்தியாரய்யா. நீங்க சும்மா இருந்தாலே போதும்," என்றாள். சும்மா இருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கூடாரம் எழுந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. "படப்பிடிப்பு நடக்கிறது, இங்கு யாரும் சாகவில்லை" என்று பெரிய எழுத்தில் எழுதி வெளிக்கதவில் கண்ணுக்கு நேரே ஒட்டினேன். ஆனால் துக்கத்துக்கு வரும் மனிதர் குனிந்து, தொப்பியை இறக்கிக்கொண்டு, அழுதபடியேதான் வருவார். செத்தது யார் என்று கேட்டுவிட்டா நாம் அழுகிறோம்? கூடாரத்தைப் பார்த்தால் அழுகிறோம், பிறகு கேட்டுக்கொள்கிறோம். அறிவிப்பை முழங்கால் உயரத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் நான் படுத்திருந்தேன். "மூச்ச கொஞ்சம் மெதுவா விடுங்கய்யா, வயிறு ஏறி எறங்குது," என்றான் ஒலிப்பதிவு செய்யும் ஒர்மோன். திரைக்கு மறுபுறம் உம்சுனாய், என் மனைவி, ஒப்பாரி வைத்தாள். சைக்கால் எழுதிக் கொடுத்த நாலு வரியோடு நிறுத்துவாள் என்று நம்பியிருந்தேன். "பக்கத்து வீட்டுக் கோழிக்கும் பயந்தியே என் ராசா, புத்தகத்துக்கு அட்டை போட்டியே, பொகைபோக்கிய சுத்தம் பண்ணினியா," என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். வெளியே ஊரார் வந்து வந்து அழுதார்கள். நான் எவ்வளவு நல்லவன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சற்று நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. நான் போய்விட்டேன் என்று யாரோ உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டிருக்கிறார்கள். "அப்பா சாகல, அது படம்" என்று ஜில்டிஸ் காருக்குப் பின்னால் ஓடிவந்தாளாம். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நீங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டீர்களாம். "என் மலை சாஞ்சுதே, என் முதுகு ஒடிஞ்சுதே, சம்பந்தீ," என்று நீங்கள் அழுத அழுகையில் எனக்கே கண்ணீர் வந்தது. இறந்தவன் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அது வரை சரி. ஆனால் நீங்கள் கூடாரத்துக்குள் வந்துவிட்டீர்கள். சம்பந்தி உள்ளே வரும்போது நான் எப்படிப் படுத்திருக்க முடியும்? உடம்பு தானாக எழுந்துவிட்டது. திரையை விலக்கி, நெஞ்சில் கைவைத்து, "வாங்க சம்பந்தி, மேல வந்து உக்காருங்க" என்றேன்.

உங்களோடு வந்தவர் குமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பால், இருந்த தோல்பையின் மேல் விழுந்ததும், பெண்கள் கூடாரத்தின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நீங்கள் பார்த்ததே. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மூன்றாவது விஷயத்தைச் சைக்காலிடம் கேட்டேன். "அப்ப பேட்டரி தீந்துபோச்சுங்கய்யா," என்று மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆகவே கவலை வேண்டாம்.

நான்காவது. ஊர்ப் பெரியவர் ஆசனாலி மறுநாளே சங்கத்தாரைக் கூப்பிட்டார். "செத்தவன் எந்திரிச்சா, நாங்க விட்ட கண்ணீருக்கு எவன்டா பொறுப்பு?"

"திருப்பிக் குடுத்துடலாம் தாத்தா. யாருது எவ்வளவுன்னு சொல்லுங்க," என்றான் ஒர்மோன். அவன் வாயை மூட ஆளில்லை.

பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அதிகம் அவமானப்பட்டவர் சம்பந்தி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் அவர் மன்னித்ததாகச் சொல் வராவிட்டால் கூடாரத்தைப் பிரி, சங்கத்தைக் கலை. சைக்கால் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒருவர் வயரை ஒருவர் பிடுங்கியவர்கள், இப்போது அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் வயரை ஒருவர் சுருட்டிக் கொடுக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, சம்பந்தி. கோபம் என்மேல் இருக்கட்டும். அவர்களுக்காக ஒரு சொல் சொல்லியனுப்புங்கள்.

உங்கள் வீட்டு நெருப்பு அணையாதிருக்கட்டும், ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும்.

உயிருடன்,
எசெங்குல்

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மூன்றாவதாக நான் எழுதியது தவறு. பேட்டரி தீரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் இன்று காலையே ஆசனாலி சங்கத்தைப் பூட்ட வந்தார். ஒர்மோன் யாரையும் கேட்காமலே, அன்று அவரும் கூடாரத்துக்கு வந்து அழுததைப் போட்டுக் காட்டினான். பிறகு நீங்கள் அழுததையும். பெரியவர் இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "சம்பந்திக்காரருக்கு நெஞ்சுலேர்ந்து வருது. என்னுது தொண்டையோட நின்னுபோச்சு. என்னை மட்டும் மறுபடி எடு, பொண்ணே," என்று சொல்லி உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார். சங்கம் கலையவில்லை. ஆனால் நீங்கள் அழுத இடம் இல்லாவிட்டால் தன் படமே இல்லை என்றும், நீங்கள் சம்மதிக்காமல் அதைத் தொடமாட்டேன் என்றும் சைக்கால் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆசனாலிக்காக நான் மறுபடி படுக்க வேண்டும். நேரில் வந்து உங்கள் பதிலைச் சொன்னால் நல்லது. இந்த முறை எழுந்திருக்காமல் இருக்க முயல்வேன். வருவது நீங்கள் என்றால் உறுதி சொல்ல முடியாது.