தன் வீட்டில் மூன்று விசாரணை

ரோம் உலகத்துக்குச் சட்டத்தைக் கொடுத்தது. பிளாரன்ஸ் ஓவியத்தைக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில், வண்டி மாறும் இடத்தில் இருக்கிற ரோக்கா செரேனா கொடுத்ததோ இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடக்கூடியது: தொண்ணூற்றிரண்டு நிமிடம். பிளாரன்ஸிலிருந்து வரும் ரயிலுக்கும் ரோமுக்குப் போகும் ரயிலுக்கும் உள்ள இடைவெளி அது. முதுகில் பையோடு இறங்குகிற ஒருவர் அந்த நேரத்துக்குள் ஒரு கோபுரம், ஒரு தேவாலயம், ஒரு பிஸ்தா ஐஸ்கிரீம் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, ஒரு சரித்திர நகரத்தை "வாழ்ந்து" பார்த்ததாக வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடலாம். கோபுரத்தைக் கட்டி முடிக்க நூற்றெண்பது வருடம் ஆயிற்று. பார்த்து முடிக்கப் பதினொரு நிமிடம். முன்னேற்றம் என்றால் இதுவல்லவோ முன்னேற்றம்!

இப்பேர்ப்பட்ட ஊரின் கோட்டை மதிலுக்குள் குடியிருப்பவர்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று சரிபார்க்கும் மாபெரும் பொறுப்பு, நகராட்சிக் காவலர் எஜிஸ்தோ பன்சவோல்தாவின் தோளில் இருந்தது. இருபத்து நான்கு வருட சர்வீஸ். பிள்ளை குட்டி கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. நடைமுறை ரொம்ப எளிது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள், வெவ்வேறு நாட்களில், மூன்று தடவை போய் மணி அடிக்க வேண்டும். மூன்று தடவையும் ஆள் அகப்படாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடலாம். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் வேலையிலும் பள்ளிக்கூடம் போகிறவர்கள் பள்ளிக்கூடத்திலும்தானே இருப்பார்கள் என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. எஜிஸ்தோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடியிருக்கிறவன் என்றால் குடியில் இருக்க வேண்டும்.

இப்படி அறுநூற்றுப் பதினோரு பேரை நீக்கியிருந்தார். நீக்கிய அடுத்த மாதமே அந்த வீடுகளில் எட்டெட்டுக் கட்டில் போட்டு "பயணியர் இல்லம்" என்று பலகை மாட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றுவது அவருடைய வேலைப் பட்டியலில் சேராது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், "நிதானப் பயணத் துறை"யின் பொறுப்பாளர் லெயார்கோ பெந்திவேஞா அவரைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரிப் பட்டம் வாங்கியதால் ஊருக்கே "தொத்தோரே", அதாவது டாக்டர், ஆகிவிட்டவர். தொண்ணூற்றிரண்டு நிமிடத்தை அறுபத்தெட்டாகக் குறைக்க இரவு பகல் பாராமல் பாடுபட்டுக்கொண்டிருந்தது இவருடைய நிதானத் துறைதான்.

"எஜிஸ்தோ, ஒரு மனு வந்திருக்கு. ஃபோர்னோ தெரு ஒன்பதாம் நம்பர் வீட்டுல யாருமே குடியில்லைன்னு வீட்டுச் சொந்தக்காரம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அது என் வீடாச்சே, தொத்தோரே!"

"பேரும் உங்க பேருதான் போட்டிருக்கு. என்ன பொருத்தம் பாருங்க."

"பொருத்தமெல்லாம் இல்லை, நானேதான். பத்தொன்பது வருஷமா அங்கதான் இருக்கேன்."

"இருக்கலாம். விசாரிக்காம எப்படிச் சொல்றது?"

"அதான் நான் சொல்றேனே!"

"சம்பந்தப்பட்டவர் தனக்குத்தானே சாட்சி சொல்ல முடியாதே. நீங்களே எத்தனை பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கீங்க?"

உண்மைதான். அறுநூற்றுப் பதினோரு பேரிடம் சொல்லியிருந்தார்.

"அப்ப விசாரிக்க வேற யாரையாவது அனுப்புங்க."

"விசாரணைப் பிரிவுல மொத்தம் எத்தனை பேரு?"

"ஒருத்தன்."

"யாரு?"

"நான்."

"அப்புறமென்ன? உங்களைவிட நேர்மையான ஆள் உங்களுக்குக் கிடைப்பாரா, சொல்லுங்க!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பதிவேட்டில் பெயர் இருக்கிறவரைதான் வாடகை ஒப்பந்தம் நிற்கும். பெயர் போனால் வீடும் போச்சு. எஜிஸ்தோ பதிவேட்டைப் புரட்டினார். மதிலுக்குள் மிச்சமிருந்த ஒரே பெயர் தன்னுடையது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தார். மூன்றாம் மாடியில் இரண்டே அறை. குளியலறைக் குழாய் ஒழுகும். ஆனால் காலையில் சமையலறை ஜன்னலோரம் நின்று காபி குடிக்கும்போது எதிர்க்கூரை ஓடுகளில் வெயில் ஏறிவரும். அந்த வீட்டின் மேல் அவருக்கு உயிர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்பதற்கும் அக்கம்பக்கத்தில் யாரும் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டு வாசலில் போய் நின்று மணி அடித்தார். விதிப்படி மூன்று நிமிடம் காத்திருந்தார். எதிர்ச் சாரியில் வீட்டுச் சொந்தக்காரி ஜைரா கொர்பெல்லி, மனு கொடுத்த கையோடு, வேடிக்கை பார்க்க வந்து நின்றாள்.

"யாராவது இருக்காங்களா, எஜிஸ்தோ?"

"இல்லை, சிஞோரா."

"நான்தான் சொன்னேனே."

"இருந்தாரு. காலையில எட்டு மணிக்குத்தான் வேலைக்குக் கிளம்பினாரு."

"அவரு கிளம்பினதை நீங்க பார்த்தீங்களா?"

"நான்தானேம்மா கிளம்பினேன்!"

"அப்ப பார்க்கலை. சும்மா யூகத்துல பேசாதீங்க. உத்தியோகத்துல இருக்கிறவரு நீங்க."

வேறொருவராக இருந்தால் "ஆள் உண்டு" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டியிருப்பார். எஜிஸ்தோ அப்பேர்ப்பட்ட ஈனப்பிறவி அல்ல. "முதல் வருகை: ஆள் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை ஒரு யோசனையோடு வந்தார். மணியை அடித்தார், உடனே சாவியைப் போட்டு உள்ளே நுழைந்து, அறுபத்து மூன்று படி ஏறி, ஜன்னலைத் திறந்து, "இதோ இருக்கேன்!" என்று கீழே பார்த்துக் கத்தினார். வாசலில் காவலர் இல்லை. இறங்கி ஓடி வந்தார். இப்போது காவலர் இருந்தார், ஜன்னலில் ஆள் இல்லை. மறுபடி ஏறினார். நான்காவது தடவை இறங்கியபோது தெருவில் இருபது முப்பது முதுகுப்பைகள் கூடியிருந்தன. இது இந்த ஊரின் நூற்றாண்டுப் பாரம்பரிய ஓட்டம் என்று தங்களுக்குள் முடிவு செய்து கைதட்டினார்கள். இரண்டு பேர் பையை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே ஓடவும் செய்தார்கள்.

"இரண்டாம் வருகை: ஆள் இல்லை. மூச்சிரைப்பு உண்டு."

"ஒரு நாள் லீவு போட்டு வீட்டுல இருந்துடுங்களேன்," என்றார் தொத்தோரே, கருணையோடு.

"நான் லீவு போட்டா யாரு வந்து மணி அடிப்பாங்க?"

"அதுவும் சரிதான். எவ்வளவு கச்சிதமா சட்டம் போட்டிருக்காங்க பாருங்க!"

மிச்சமிருந்தது ஒரே ஒரு வருகை. வெள்ளிக்கிழமை காலை நீரூற்றின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போனார். பெயர் சிக்ரீட். டென்மார்க்கிலிருந்து புறப்பட்டு, பன்னிரண்டு நாளில் பதினான்கு சரித்திர நகரங்களை ரயிலில் முடிக்கிற திட்டம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இத்தாலியன் படித்தவள்.

"ஒரு சின்ன உதவி, மகளே. இந்தா சாவி. நீ உள்ள போய் இரு. நான் மணி அடிச்சதும் இறங்கி வந்து கதவைத் திற. 'எஜிஸ்தோ இங்கதான் குடியிருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"யாருகிட்ட சொல்லணும், சார்?"

"என்கிட்ட."

"எஜிஸ்தோன்னா யாரு?"

"நான்."

தான் படித்த இத்தாலியனில்தான் கோளாறு இருக்கும் என்று எண்ணி, சிக்ரீட் மரியாதையாகத் தலையாட்டினாள்.

மணி அடித்தார். கதவு திறந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து நின்று, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல, "எஜிஸ்தோ இங்கதான் குடியிருக்காரு. வேலைக்குப் போயிருக்காரு," என்றாள்.

எஜிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வாக்கியம் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள், மனைவிமார்கள், ஒரு தடவை கைக்குழந்தையோடு ஒரு தகப்பன். இன்றைக்குத்தான் முதல் முறையாக அதை நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் கை பழகிய கை. பேனாவை எடுத்துவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சார் சொன்னீங்க!"

"அப்ப அது கேள்விப்பட்ட விஷயம். அவரு இங்க தூங்கறதையோ சாப்பிடறதையோ நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லையே."

"இங்க நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"அடுப்புல காபி இருந்துச்சு. ஜன்னல்கிட்ட நின்னு குடிச்சேன். வெயில் ரொம்ப அழகா இருந்துச்சு, சார். தப்பா?"

"தப்பில்லை," என்றார் எஜிஸ்தோ. "பையில என்ன?"

"துணி, போர்வை, பல் விளக்குற பிரஷ்."

"வீட்டில் காணப்பட்டவர்: சிக்ரீட், மாணவி. போர்வையும் பிரஷும் உண்டு. எஜிஸ்தோ பன்சவோல்தா: ஆள் இல்லை."

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் வைத்தார். சிக்ரீட் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். அவள் ரோமில் இறங்குவதற்குள், அந்தக் குறிப்பை வைத்துப் பதிவேட்டில் பெயர் ஏறி, ரோக்கா செரேனா மதிலுக்குள் ஒரே குடிமகளாக ஆகிவிட்டிருந்தாள். அந்தப் பெருமையும் நீடிக்கவில்லை. அடுத்த வாரம் எஜிஸ்தோ மூன்று தடவை போய் மணி அடித்து அவளையும் நீக்கினார்.

ஜூன் மாதம் சதுக்கத்தில் விழா எடுத்தார்கள். தொத்தோரே உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்: "தன்னையே நீக்கிய ஒரு நேர்மையாளர் இந்த நாட்டுல வேற எங்கயாவது உண்டா? மதிலுக்குள்ள இப்ப குடியிருக்கிறவங்கன்னு ஒருத்தர்கூட இல்லை. அதனால சத்தம்னு புகார் இல்லை. குப்பைன்னு புகார் இல்லை. ஓட்டுக் கேட்டு அலைய வேண்டியதில்லை. வெறும் சரித்திரம், கலப்படமில்லாத சரித்திரம்!" ஜைரா எஜிஸ்தோவுக்கு மலர்ச்செண்டு கொடுத்தாள். அவர் படுத்திருந்த அறையிலேயே மேல் கட்டில் ஒன்றை எப்போது வேண்டுமானாலும் தருவதாகவும் பெரிய மனதோடு அறிவித்தாள். இரண்டு நாளுக்கு மேல் மட்டும் தங்கக்கூடாது; அது பயணியர் இல்லத்தின் விதி.

எஜிஸ்தோ இப்போது மூன்று ஸ்டேஷன் தள்ளி, தங்கை வீட்டு மாடியில் இருக்கிறார். தினமும் முதுகுப்பையில் தொப்பியையும் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு, மற்ற முதுகுப்பைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்குகிறார். இறங்கியதும் தொப்பியைப் போட்டுக்கொள்கிறார், ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காக.

போன வாரம் ஒரு பையன், வழிகாட்டிப் புத்தகத்தில் விரலை வைத்தபடி அவரிடம் வந்தான். சரித்திரம் படிக்கிறவன் போலிருக்கிறது. முகத்தில் அக்கறை இருந்தது.

"சார், இந்த ஊருல கொள்ளைநோய் வந்து பாதிப் பேரு செத்தாங்களாம். கூலிப்படை ரெண்டு தடவை வந்து கொளுத்துச்சாம். பூகம்பம் வேற. அப்பகூட ஜனங்க ஊரை விட்டுப் போகலைன்னு போட்டிருக்கு. இப்ப ஒருத்தரையும் காணோமே? அதுக்கப்புறம் யாரு படையெடுத்து வந்தாங்க?"

எஜிஸ்தோ விசாரணையில் ஒரு நாளும் பொய் சொன்னவரில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் வந்தேன்," என்றார். "வீட்டுக்கு மூணு தடவை. மணி அடிச்சுட்டுத்தான்."