இரண்டு ஹாலுக்கும் ஒரே வயிற்றுவலி

கணக்குக்குப் பயந்தவர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தால், அதன் விருத்தாசலம் கிளைக்கு என்னைத்தான் தலைவராகப் போட வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தேறியபோது எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் எங்கள் கணக்கு சார்தான். (விடைத்தாளைத் திரும்ப வாங்கிப் பார்க்கலாமா என்று அவர் யோசித்ததாகக் கேள்வி.)

ஆகவே பதினோராம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடினேன். எங்கள் பள்ளியில் உயிரியல் எடுத்தாலும் கணக்கு உண்டு, கணினி அறிவியல் எடுத்தாலும் கணக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கணக்கை மட்டும் கழற்றிவிட்ட ஆள் அதுவரை யாரும் இல்லை. அப்பா பீங்கான் யூனிட்டில் சூளை பார்ப்பவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஹெச்.எம். முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று எனக்காகக் கேட்டார். ஹெச்.எம். சம்மதித்தார். கூடவே என் பக்கம் திரும்பி, "உன்னால டைம்டேபிள்ல ஏதாவது பிரச்சினைன்னு வந்துச்சு, தூக்கிக் கணக்கு குரூப்புல போட்டுடுவேன்" என்றார்.

காலாண்டுத் தேர்வு அட்டவணையை ஒட்டினார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உயிரியல். அதே வியாழக்கிழமை, அதே பத்து மணிக்கு, கணினி அறிவியல். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது. பள்ளியில் இருந்த அத்தனை பேரிலும் இந்த இரண்டு பாடங்களையும் எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், நோட்டீஸ் போர்டு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றவனும் நான் ஒருவன்தான்.

புத்தியுள்ளவன் ஆபீஸ் ரூமுக்குப் போயிருப்பான். நான் மணவாளநல்லூருக்குச் சைக்கிள் மிதித்தேன். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். களவு போன மாடு, வரப்புத் தகராறு, ஓடிப்போன மருமகன் என்று எதுவானாலும் சாமிக்கு மனு எழுதிக் கட்டிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த ஒரே மனு லீவ் லெட்டர். அதனால் மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தேர்வு அட்டவணையை மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன் என்று முடித்து, வகுப்பும் பிரிவும் போட்டுக் கட்டினேன். (சாமி தேடிக் குழம்பக் கூடாதல்லவா.)

மறுநாளே ஹெச்.எம். என்னை வரச் சொன்னதாக ஆள் வந்தது. விஷயம் தெரிந்துவிட்டது, கணக்கு குரூப்புக்கு என்னை அனுப்பப்போகிறார் என்றுதான் தோன்றியது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். இரண்டாவது முறை ஆள் வந்தபோது லேபில் ஒளிந்தேன். காலை பிரேயரில் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஒரு வாரம் வேண்டுமென்றே லேட்டாகப் போய், கேட்டுக்கு வெளியே நின்றேன். ராத்திரியில் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்குப் படிப்புச் சுமை என்று சொன்னேன், அவளும் பெருமையாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நோட்டீஸ் போர்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சாமியும் கைவிட்டபின் நானே ஒரு திட்டம் போட்டேன். மூன்று மணி நேரம், இரண்டு பரீட்சை, பக்கத்துப் பக்கத்து ஹால். தாளுக்கு ஒன்றரை மணி நேரம்.

வியாழக்கிழமை காலை முதல் ஹாலில் உயிரியல் தாளை வாங்கி எழுத ஆரம்பித்தேன். மேற்பார்வைக்குத் தமிழம்மா இருந்தார். இருபது நிமிஷம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் பதறிப்போய் அனுப்பினார். நேரே அடுத்த ஹாலுக்குப் போய், வயிற்றுவலியால் லேட்டாகிவிட்டது என்று பி.டி. சாரிடம் சொல்லிக் கணினித் தாளை வாங்கினேன். அங்கே இருபது நிமிஷம். மறுபடி வயிற்றுவலி, மறுபடி முதல் ஹால். இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதுதான் எனக்கு வினையாக முடிந்தது. தமிழம்மா அட்டெண்டரை விட்டு ஓமத் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். பி.டி. சார் ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்தார். ஹாலுக்கு ஒரு டம்ளர் குடித்ததில் நாலாவது நடையில் எனக்கு நிஜமாகவே அவசரம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு நேரம் இல்லை. நடக்கும்போதே அடுத்த பதிலை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனதில், கணினித் தாளில் இரண்டு பக்கத்துக்குச் சிறுநீரகத்தைப் பற்றி எழுதியிருந்தேன்.

ஐந்தாவது தடவை நான் திரும்பி வரத் தாமதமானது. பையன் எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டானோ என்று தமிழம்மா தேடிக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்து ஹால் ஜன்னல் வழியாக, குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். உள்ளே வந்து என் தாளை எடுத்துப் புரட்டினார்.

"ஏம்பா, கம்ப்யூட்டர் பரீட்ச உனக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கில்ல? அதச் சொல்லத்தான ஹெச்.எம். உன்னக் கூப்புட்டு வுட்டாரு, பிரேயர்லயும் ரெண்டு நாளு சொன்னாங்களே. உனக்குன்னு தனியா கொஸ்டின் பேப்பரே எடுத்து வச்சிருக்குது."

என்னை நேரே ஹெச்.எம். ரூமுக்கு அழைத்துப் போனார்.

அப்பாவுக்குப் போன் போட்டார்கள். முழங்கை வரை வெள்ளை மண்ணோடு வந்து, நாலு மாதத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பிராது உட்பட. கணக்கு குரூப்பில் போட்டுவிடுவேன் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றும் சொன்னேன்.

ஹெச்.எம். "நானா சொன்னேன்?" என்று அப்பாவைக் கேட்டார். சொன்னவருக்கே அது சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தது, சும்மா மிரட்டுவதற்குச் சொல்லி அப்போதே மறந்துபோன ஒரு வார்த்தைக்காக. பிறகு நிதானமாகச் சொன்னார்: "மணவாளநல்லூரு வரைக்கும் சைக்கிள்ல போயிருக்க. ஆபீஸ் ரூமு உன் கிளாஸ்லேர்ந்து பத்தடி தூரம்டா."

குரூப்பை அவர் மாற்றவில்லை. காலையில் எழுதிய இரண்டு தாளும் செல்லாது, மத்தியானப் பரீட்சையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். ரேங்க் கார்டில் இரண்டு சைபர். அப்பா ஒரு வார்த்தை திட்டாமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு அறை கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் அவர் பேசாமல் இருந்தது ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்தாலும், டி.வி. பார்க்கும்போது எழுந்தாலும், அடுத்த ஹாலில் என்ன பரீட்சை என்று கேட்பார்.

இத்தனை வருஷம் கழித்து, போன ஆவணியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பதற்றத்தில் அடக்க முடியவில்லை. மெதுவாக எழுந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று அவள் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏன்டா," என்றார் அப்பா, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பக்கத்து வூட்டுலயும் ஒரு பொண்ணப் பாக்க வேண்டியிருக்குதா?"

பெண் வீட்டார் முகம் மாறிவிட்டது. இனி முழுக் கதையையும் சொல்லாமல் தீராது. நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிற்க, அப்பா ஆதியோடு அந்தமாகச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது. ஓமத் தண்ணீரைக்கூட விடவில்லை. சிரிப்புச் சத்தம் அடங்கட்டும் என்று ரொம்ப நேரம் காத்திருந்து வெளியே வந்தேன். பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இப்ப நெசமாவே பாத்ரூமுக்குத்தான் போனீங்களா?"

ஆமாம் என்றேன். தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்.