முதலில் சாகிறவர்

லிப்ட் மெக்கானிக் அன்றும் முதல் ஆளாகச் செத்துப்போனார்.

ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து குண்டு வந்தது. டிவியில் அவருடைய ஆள் குப்புற விழுந்தான். உடனே திரை மாறி, உயிரோடிருந்த கூட்டாளி ஒருவர் பார்ப்பதைக் காட்டத் தொடங்கியது.

பார்க்க அவருக்கு மனமில்லை. மைக் வைத்த ஹெட்செட்டைக் கழற்றி, சோபாவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் மனைவியின் பக்கத்தில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார்.

"என்னங்க, அதுக்குள்ளேயா?"

"ஆட்டத்தைப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாதே."

டீச்சர் சரியென்று தலையாட்டினாள்.

அவர் திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டியபோது, "ஜெயிச்சுட்டோம் அண்ணே!" என்று மூன்று குரல்கள் கத்தின. வாராவாரம் இப்படித்தான். அவர் சாவார், அணி ஜெயிக்கும்.

மூவரும் அவர் முகம் பார்த்திராத வெளியூர்க்காரர்கள். கேப்டன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்; இன்னொருவர் மருந்துக்கடைக்காரர்; அதிகம் பேசாத மூன்றாமவர் பேக்கரி வைத்திருந்தார். பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் தனியாக நிற்கிற மனிதருக்கு, "அண்ணே" என்று கூப்பிட இருந்தவை அந்தக் குரல்கள்தான். போட்டியோ அரையிறுதியை நெருங்கிக்கொண்டிருந்தது. உபயோகமில்லாத ஆளை எத்தனை நாள் சுமப்பார்கள்?

மருந்துக்கடைக்காரரிடம் தனியாகக் கேட்டார். "தப்பு எங்கிட்டயா, மெஷின்லயா?"

"டிவியில மாட்டற கன்சோல் வீட்ல தனியா ஆடறதுக்குச் சரி அண்ணே. ஊரோட மோதணும்னா கம்ப்யூட்டர்தான். எதிராளி மவுஸைச் சுண்டிச் சுட்டுடறான். நீங்க இன்னும் கட்டைவிரலால குச்சியைத் தள்ளிட்டிருக்கீங்க. போதாக்குறைக்கு உங்க டிவி ஆடி அசைஞ்சு காட்டுது. இன்டர்நெட்டாவது ஒயர்ல வருதா?"

வரவில்லை. மறுநாளே ஹாலின் குறுக்கே ஒயர் இழுத்தார். டீச்சர் தடுக்கி விழுந்தாள். தாள்கள் சோபாவுக்கு அடியில் பறந்தன.

"கடைசி பெஞ்சுல எவன் குனிஞ்சாலும் வாசல்ல நின்னே பிடிக்கறவ நான். என் காலடியிலயே கண்ணி வெச்சிருக்கீங்களே!"

ஒயர் வந்த பிறகும் அவரே முதலில் செத்தார்.

அடுத்து, நாற்காலியை டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் போட்டுக்கொண்டார்.

"தலையை நகர்த்துங்க, மறைக்குது."

"உனக்கு என்ன மறைக்குது? தாளைத் திருத்து."

அன்று செத்தும் பிடிவாதமாக எழுந்திருக்கவில்லை. அணி முதல்முறையாகத் தோற்றது.

கடைசியில் கம்ப்யூட்டரே வாங்கிவிட்டார். அதைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஹால்லயே ஆடுங்களேன். எனக்கும் பொழுது போகும்," என்றாள் டீச்சர்.

"இது விளையாட்டு இல்ல."

மணிக்கட்டு வீங்கும்வரை பழகினார். கை படிந்தது. ஜன்னலில் நிற்கிறவனை அவன் திரும்புவதற்குள் சுட்டார். மற்ற மூவரும் விழுந்த பிறகும் அவர் ஒருவர் நின்றார். அணி தோற்றது. மறுவாரம் இன்னும் நன்றாக ஆடினார். அணி இன்னும் மோசமாகத் தோற்றது. இன்னொரு தோல்வி வந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். குரல்களில் பழைய கலகலப்பு இல்லை. வெளியே ஹாலில் டிவி அணைந்து கிடந்தது. டீச்சர் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவர் மைக்கை வாயருகே இழுத்தார்.

"தம்பிகளா, நானே விலகிக்கறேன். கன்சோலும் பார்த்தாச்சு, கம்ப்யூட்டரும் பார்த்தாச்சு. குறை மெஷின்ல இல்ல, எங்கிட்டதான். என் இடத்துல நல்ல ஆளாப் பார்த்துப் போட்டுக்கங்க."

கேப்டன் தொண்டையைச் செருமினார். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஜெயித்தால் கத்துவது தவிர "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற பேக்கரிக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"விலகவெல்லாம் வேணாம் அண்ணே. பழையபடி ஹாலுக்கு வந்து முதல்ல செத்துடுங்க. அப்பதான் எங்க ஆட்டம் உங்க டிவியில தெரியும், எவன் எங்க குனிஞ்சிருக்கான்னு டீச்சர் மைக்ல சொல்லுவாங்க."